மூளைக் கட்டிக்கு ஆறு வாரச் சிகிச்சை: நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மூளையில் கட்டி என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் வந்துவிட்டால் நம் வீடுகளில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. பிழைப்பாரா என்பது ஒன்று. இங்கேயே வைத்துப் பார்ப்பதா, ஊருக்குக் கூட்டிப் போய்விடுவதா என்பது மற்றொன்று. முதல் கேள்வியை டாக்டரிடம் கேட்கிறோம். இரண்டாவதைப் பெரும்பாலும் நாமே தீர்மானிக்கிறோம். சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர், ஊரிலிருந்து போன் செய்கிறவர் எல்லாரும் சேர்ந்து ஒரே இரவில் முடிவெடுத்துவிடுகிறார்கள். சிகிச்சை எத்தனை நாள், எப்படி நடக்கும், நடுவில் விட்டால் என்ன ஆகும் என்பதைக் கேட்டறிந்த பிறகே அந்த முடிவை எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நான் டாக்டர் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் தெரிந்த குடும்பங்கள் சிலவற்றுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததில், டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன். மருந்தின் அளவையும் சிகிச்சையின் வகையையும் முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர்தான்.

எந்தக் கட்டி என்று முதலில் கேளுங்கள்

மூளைக் கட்டி என்பது ஒரே நோய் அன்று. மெனிஞ்சியோமா என்ற கட்டி மூளையின் உறையில் வருவது. பெரும்பாலும் புற்றுநோய் வகையைச் சேராதது. ஆபரேஷனோடு முடிந்துவிடுவதும் உண்டு. குழந்தைகளுக்கு வரும் மெடுல்லோபிளாஸ்டோமாவுக்குச் சிகிச்சை முறை வேறு. நுரையீரலிலோ மார்பகத்திலோ தோன்றிய புற்றுநோய் மூளைக்குப் பரவுவதும் உண்டு. அதற்கும் வழி வேறு.

நான் இங்கே சொல்லப்போவது பெரியவர்களுக்கு வரும் கிளையோபிளாஸ்டோமா பற்றி. நான்காம் நிலைக் கட்டி என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பார்கள். மூளையின் தாங்கு செல்களிலிருந்து தோன்றி வேகமாக வளர்வது. மரத்தின் வேர் மண்ணுக்குள் ஓடுவதுபோல் நல்ல மூளைக்குள் ஊடுருவி நிற்கும். எவ்வளவு கைதேர்ந்த சர்ஜனானாலும் கண்ணுக்குத் தெரிகிற கட்டியைத்தான் எடுக்க முடியும், வேர்கள் தங்கிவிடும். அதனால்தான் ஆபரேஷனுக்குப் பிறகும் சிகிச்சை தேவைப்படுகிறது. "கட்டியை முழுவதும் எடுத்தாச்சு என்று சொன்னார்களே, அப்புறம் எதற்குக் கரன்ட்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

காலையில் எழும்போதே தலைவலியும் வாந்தியும், முன்பு இல்லாத வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், குணத்தில் திடீர் மாற்றம் ஆகியவை இதன் அறிகுறிகள். இவை வேறு காரணங்களாலும் வரலாம். ஆனால் பெரிய வயதில் முதல் முறையாக வலிப்பு வந்தால் "சூடு, பித்தம்" என்று விட்டுவிடாமல் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது அவசியம்.

இரண்டையும் ஏன் சேர்த்துக் கொடுக்கிறார்கள்?

நம் ஜனங்கள் கதிர்வீச்சு சிகிச்சையைக் "கரன்ட் வைப்பது" என்கிறார்கள். அந்தப் பெயரே பலரைப் பயமுறுத்துகிறது. நோயாளியின் உடம்பில் மின்சாரம் பாய்வதே இல்லை. மார்புக்கு எடுக்கும் எக்ஸ்ரேயைவிடப் பன்மடங்கு சக்தி வாய்ந்த கதிர்களைக் கட்டி இருந்த இடத்தின் மேல் பல திசைகளிலிருந்து குவிக்கிறார்கள். எடுக்கும்போது வலி தெரியாது.

கதிர்வீச்சு இந்தக் கட்டிக்குப் பலன் தருகிறது என்பது 1970-களின் ஆராய்ச்சிகளிலேயே உறுதியாகிவிட்டது. அதனுடன் மருந்தும் சேர்த்தால் இன்னும் பலன் கிடைக்குமா என்று பல ஆண்டுகள் முயன்றார்கள். பெரிய தடை ஒன்று இருந்தது. மூளைக்குப் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர், கேட் மூடிய லெவல் கிராசிங் மாதிரி. ரத்தத்தில் வரும் பெரும்பாலான மருந்துகளை அது உள்ளே விடாது.

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் மால்கம் ஸ்டீவன்ஸ் என்ற பேராசிரியரின் குழுவினர் 1980-களில் டெமோசோலமைடு என்ற மருந்தை உருவாக்கினார்கள். 1987-ல் லண்டனில் நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதனை தொடங்கியது. இதன் மூலக்கூறு சிறியது. அந்தக் கேட்டைத் தாண்டி மூளைக்குள் ஓரளவு போய்விடும். ஊசி வேண்டாம், வாயால் விழுங்கும் கேப்சூல்.

இரண்டும் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதை எனக்குத் தெரிந்த தண்டவாள பாஷையில் சொல்கிறேன். செல்லின் உள்ளே இருக்கும் டி.என்.ஏ. என்பது இரட்டைத் தண்டவாளம். கதிர்வீச்சு அந்தத் தண்டவாளத்தை இரண்டு பக்கமும் வெட்டுகிறது. கேப்சூல் அதன் ஒரு பகுதியில் பொருந்தாத துண்டு ஒன்றைச் செருகிவிடுகிறது. பாதை பழுதானால் வண்டி ஓடாது. அதாவது கட்டியின் செல் பெருக முடியாமல் சாகும்.

ஆனால் செல்லுக்குள்ளேயே ஒரு கீமேன் இருக்கிறான். எம்.ஜி.எம்.டி. என்ற புரதம் அது. கேப்சூல் செருகிய துண்டைக் கண்டுபிடித்துப் பிடுங்கிப் போட்டுப் பாதையைச் சரிசெய்துவிடும். சிலருடைய கட்டியில் இந்தக் கீமேன் வேலைக்கு வருவதில்லை. ரிப்போர்ட்டில் "மெத்திலேட்டட்" என்று இருந்தால் அதுதான் பொருள். அவர்களுக்கு மருந்தின் பலன் கூடுதல். ஆபரேஷனில் எடுத்த துண்டை வைத்தே இந்தச் சோதனை செய்யலாம். அந்தத் துண்டையும், மெழுகில் பதித்த பிளாக்கையும், ஸ்லைடுகளையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணக்கு என்ன சொல்கிறது?

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த டாக்டர் ரோஜர் ஸ்டுப் தலைமையில் ஐரோப்பா, கனடா நாடுகளின் 85 மருத்துவமனைகளில் 573 நோயாளிகளிடம் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. ஒரு பாதிப் பேருக்குக் கதிர்வீச்சு மட்டும். மறு பாதிக்குக் கதிர்வீச்சோடு டெமோசோலமைடும். முடிவுகள் 2005 மார்ச்சில் வெளியாயின.

கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 12.1 மாதங்களுக்கு மேல் உயிரோடு இருந்தார்கள். இரண்டையும் பெற்றவர்களில் அது 14.6 மாதங்கள். "இத்தனை கஷ்டமும் இரண்டரை மாதத்துக்குத்தானா?" என்று தோன்றும். இரண்டு வருடம் கழித்து எண்ணிப் பார்த்தபோது முதல் பிரிவில் நூற்றுக்குப் பத்துப் பேர்தான் இருந்தார்கள். இரண்டாவது பிரிவில் 26 பேர். ஐந்து வருடம் கழித்து முதல் பிரிவில் நூற்றுக்கு இரண்டு பேர். இரண்டாவதில் ஏறக்குறைய பத்துப் பேர். கீமேன் இல்லாத கட்டிக்காரர்களில் இரண்டு சிகிச்சையும் பெற்றவர்களில் பாதிப் பேர் 21.7 மாதங்களைத் தாண்டினார்கள்.

இந்தக் கணக்கை வீட்டில் யாராவது ஒருவராவது ஒளிவுமறைவின்றித் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இது நோயை அடியோடு போக்கும் சிகிச்சை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்தப் பலனும் இல்லை என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். பலருக்கு மாதங்களும் சிலருக்கு வருடங்களும் கிடைக்கின்றன. எல்லாக் கட்டிக்கும் இதே கணக்கு அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆலிகோடெண்ட்ரோகிளையோமா என்ற வகையில் குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குக் கதிர்வீச்சோடு வேறு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததில் பாதிப் பேர் 14 வருடங்களைத் தாண்டியதாக 2013-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது.

ஆறு வாரம் நடப்பது எப்படி?

ஆபரேஷன் புண் ஆறிய பிறகு, சில வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கும். தலை அசையாமல் இருக்க முகத்துக்கு வலைபோல ஒரு பிளாஸ்டிக் மாஸ்க் செய்வார்கள். சூட்டில் இளகிய தகட்டை முகத்தின் மேல் அழுத்தினால் அச்சு விழுந்துவிடும். அதை மாட்டிக்கொண்டு ஸ்கேன் எடுத்து, எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் என்று கம்ப்யூட்டரில் திட்டம் போடுவார்கள். கண் நரம்பு, மூளைத் தண்டு போன்ற இடங்களைக் காப்பாற்றிக் கதிரைக் கொடுக்க வேண்டும் அல்லவா!

வழக்கமான அளவு 60 கிரே. நாளுக்கு 2 கிரே வீதம் 30 தடவை. திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம். மெஷினில் படுத்திருக்கும் நேரம் சில நிமிடங்கள்தான், காத்திருப்பதுதான் அதிகம்.

கேப்சூலுக்கு லீவு கிடையாது. கதிர்வீச்சு தொடங்கும் நாளிலிருந்து முடியும் நாள் வரை சனி, ஞாயிறு உட்பட தினமும் சாப்பிட வேண்டும். அளவு உடம்பின் பரப்பைப் பொறுத்தது: சதுர மீட்டருக்கு 75 மி.கி. 160 செ.மீ. உயரமும் 60 கிலோ எடையும் உள்ளவரின் உடல் பரப்பு சுமார் 1.63 சதுர மீட்டர். 75-ஆல் பெருக்கினால் சுமார் 122. ஆகவே 100 மி.கி. ஒன்றும் 20 மி.கி. ஒன்றும் எழுதிக் கொடுப்பார்கள். ஒருவருக்கு எழுதிய அளவு இன்னொருவருக்குப் பொருந்தாது என்பதைக் காட்டத்தான் இந்தக் கணக்கு. வெறும் வயிற்றில், முழு டம்ளர் தண்ணீரோடு, உடைக்காமல், மெல்லாமல் விழுங்க வேண்டும். வாந்தி வராமலிருக்க முன்னதாக ஒரு மாத்திரை கொடுப்பார்கள்.

ஆறு வாரம் முடிந்ததும் நான்கு வாரம் ஓய்வு. அதன் பிறகு 28 நாளுக்கு ஒரு முறை, 5 நாள் மட்டும், கூடிய அளவில் கேப்சூல். இப்படி ஆறு சுற்று.

வயதானவர்களுக்கு இதைச் சுருக்கியும் கொடுக்கிறார்கள். 65 வயதும் அதற்கு மேலும் உள்ள 562 பேரிடம் மூன்று வாரத்தில் 15 தடவை கதிர்வீச்சும் கேப்சூலும் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி 2017-ல் வெளியானது. அங்கேயும் மருந்து சேர்ந்த பிரிவுக்கே பலன் கூடுதலாக இருந்தது. ஊரிலிருந்து வந்திருக்கும் வயதான பெற்றோருக்கு ஆறு வார அலைச்சல் தாங்காது என்று தோன்றினால் இந்த மூன்று வார முறை பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

கதிர் நுழையும் இடத்தில் முடி கொட்டும். களைப்பு ஒவ்வொரு வாரமும் கூடிக்கொண்டே போகும். சிகிச்சை முடிந்த பிறகும் சில வாரம் இருக்கும். மலச்சிக்கலும் சகஜம். வாரத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை கட்டாயம். தட்டணுக்களோ வெள்ளணுக்களோ குறைந்தால் மருந்தை நிறுத்தி வைப்பார்கள். நோய் எதிர்ப்பு குறைவதால் ஒரு விசேஷ வகை நிமோனியா வரக்கூடும். அதைத் தடுக்கவும் மாத்திரை உண்டு. காய்ச்சலோ மூச்சுத் திணறலோ ரத்தக் கசிவோ வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு வகை. பசியைக் கிளப்பும், சர்க்கரையை ஏற்றும். தானாக நிறுத்தினால் ஆபத்து. வலிப்பு மாத்திரையும் அப்படியே. இடையில் யாராவது நாட்டு மருந்து கொண்டுவந்து கொடுத்தால், சாப்பிடும் முன் டாக்டரிடம் காட்டுங்கள். மறைத்துக் கொடுத்தால் ரத்த அணுக்கள் எதனால் குறைந்தன என்று அவருக்குத் தெரியாமல் போகும்.

இன்னொன்று. கதிர்வீச்சு முடிந்து எடுக்கும் முதல் ஸ்கேனில் கட்டி பெரிதானதுபோல் சிலருக்குத் தெரியும். அது உண்மையான வளர்ச்சியாக இல்லாமல் சிகிச்சையால் ஏற்பட்ட வீக்கமாக இருக்கலாம். "ஒன்றும் பலிக்கவில்லை" என்று அந்த ஒரு படத்தைப் பார்த்து மனம் உடைந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் மறுபடி எடுத்துப் பார்ப்பார்.

இங்கேயா, ஊரிலா?

இப்போது ஆரம்பத்தில் சொன்ன கேள்விக்கு வருவோம். மும்பையில் இருப்பவர்களுக்குப் பரேலில் டாடா நினைவு மருத்துவமனை இருக்கிறது. சர் தோராப்ஜி டாடா அறக்கட்டளையால் 1941 பிப்ரவரி 28-ல் தொடங்கப்பட்டது. 1962 முதல் மத்திய அரசின் அணுசக்தித் துறையின் கீழ் இயங்குகிறது. கார்கரில் அதன் இன்னொரு மையமும் உண்டு. மூளைக் கட்டிக் கதிர்வீச்சில் உலகம் கவனித்த ஆராய்ச்சியும் இங்கே நடந்திருக்கிறது. புற்றுநோய் வகையைச் சேராத, அல்லது மெதுவாக வளரும் கட்டி உள்ள 200 இளம் வயதினரிடம் 2001 முதல் 2012 வரை நடந்து 2017-ல் வெளியானது அது. கதிரை மிகத் துல்லியமாகக் குவித்தால் அறிவுத்திறனும் ஹார்மோன் சுரப்பும் பாதிக்கப்படுவது குறைகிறது என்று காட்டியது.

தமிழ்நாட்டிலும் குறைவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில், டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோடு மருந்தைச் சேர்த்துக் கொடுத்து 1970-களிலேயே ஆராய்ச்சி வெளியிட்டவர்கள். இந்தக் கூட்டுச் சிகிச்சை என்ற எண்ணம் நம்மவர்களுக்குப் புதிதல்ல. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் தொடங்கியதுதான் நாட்டின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறை.

ஆகவே இங்கேயும் செய்யலாம், அங்கேயும் செய்யலாம். பாதியில் மாற்றுவதுதான் கூடாது. மாஸ்க், திட்டம், மெஷின் எல்லாம் அந்தந்த ஆஸ்பத்திரிக்கு உரியவை. இடம் மாறினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். இரண்டு மூன்று வாரம் கைநழுவும். அந்த இடைவெளியில் சாகாமல் மிஞ்சிய செல்கள் மறுபடி பெருகும்.

தாராவியில் தோல் பட்டறை வைத்திருந்த ஒரு திருநெல்வேலிக்காரர் குடும்பம் எனக்குத் தெரியும். பன்னிரண்டு கதிர்வீச்சு முடிந்திருந்தது. மனிதர் களைத்துப் போய்ப் படுத்துவிட்டார். ஊரிலிருந்து தம்பி போன் செய்தார்: "அண்ணாச்சியை இங்க கூட்டிட்டு வந்துருங்க. என்ன நடந்தாலும் சொந்த மண்ணுல நடக்கட்டும்." காலேஜ் படிக்கும் மகள் பதில் சொன்னாள்: "சித்தப்பா, இன்னும் பதினெட்டு தடவைதான் இருக்கு. முடிச்ச அன்னைக்கு நானே டிக்கெட் போட்டுக் கூட்டிட்டு வாரேன்." அப்படியே செய்தாள். இடையில் உள்ள நான்கு வார ஓய்வை அவர் ஊரில் கழித்தார். பிறகு இங்கே வந்து ஆறு சுற்றுக் கேப்சூலையும் முடித்தார். ஒன்றரை வருடத்துக்குச் சற்று மேல் இருந்தார். அதற்குள் பட்டறைக் கணக்கை மகளுக்குக் கற்றுக் கொடுத்தார்; ஊர் வீட்டுப் பத்திரத்தைத் தம்பியோடு பேசி முடித்தார். கடைசி நாட்கள் அவர் விரும்பியபடி ஊரில்தான் கழிந்தன.

ஊருக்குப் போக வேண்டும் என்பது நியாயமான ஆசை. அதற்கு இந்தச் சிகிச்சையிலேயே இடம் இருக்கிறது. முதலிலேயே முழுச் சிகிச்சையையும் ஊரில் வைத்துக்கொள்வது ஒரு வழி. இங்கே ஆறு வாரம் முடித்துவிட்டு ஓய்வுக்கு ஊர் போவது இன்னொரு வழி.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு மூன்று கேள்விகள் போதும். ஆறு வாரமும் கூடவே இருந்து தினமும் அழைத்துப் போக யார் இருக்கிறார்கள்? குடும்ப அட்டை எந்த மாநிலத்தில் இருக்கிறது? எங்கே சீக்கிரம் தொடங்க முடியும்? அரசு காப்பீட்டுத் திட்டங்கள் பல அந்தந்த மாநில அட்டையைப் பொறுத்தவை. ஆயுஷ்மான் பாரத் அட்டை இருந்தால் திட்டத்தில் சேர்ந்த வெளிமாநில ஆஸ்பத்திரியிலும் பயன்படும். டெமோசோலமைடை இந்தியக் கம்பெனிகளே தயாரிக்கின்றன. மத்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அது இருக்கிறது. ஆகவே வெளிக் கடையில் வாங்கும் முன் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் விலை கேளுங்கள். பணத்துக்கு வழி தெரியாதவர்கள் ஆஸ்பத்திரியின் சமூகநலப் பிரிவை முதல் நாளே பார்க்க வேண்டும். பணம் தீர்ந்த பிறகு அல்ல.

ரயில்வேக்காரன் சொல்லும் நாலு வார்த்தை

தாராவிக்காரர்களுக்குச் சயானில் ஸ்லோ லோக்கல் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் பரேல். மாதுங்காவிலிருந்து இரண்டாவது. செம்பூர்க்காரர்கள் குர்லாவில் மாற வேண்டும். கார்கர் என்றால் மாறாமல் பன்வேல் வண்டியிலேயே போகலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில் புற்றுநோயாளிகளும் ஏறலாம்; சான்றிதழைக் கையில் வைத்திருங்கள். வலிப்பு வரக்கூடியவரைக் கதவருகே நிற்க விடாதீர்கள். ஸ்கூட்டரும் ஓட்டக்கூடாது.

சிகிச்சைக்காகவோ மறுபரிசோதனைக்காகவோ போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் டிக்கெட் இலவசம், இரண்டாம் வகுப்பில் 75 சதவீதச் சலுகை, இரண்டாம் ஏ.சி.யில் 50 சதவீதம். துணைக்கு வருபவருக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் 75 சதவீதச் சலுகை உண்டு. 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் சலுகை நின்றபோதும் இது நிற்கவில்லை. அதற்கான படிவத்தில் டாக்டர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வருபவர்கள் தங்க, தாதரில் காட்கே மகராஜ் தர்மசாலை போன்ற இடங்கள் உண்டு.

முப்பது தடவை என்பது பெரிய எண்ணாகத் தெரியும். வீட்டுக் காலண்டரில் முப்பது நாளையும் வட்டமிட்டு, ஒவ்வொரு நாளும் யார் கூட்டிப் போவது என்று பெயர் எழுதி வையுங்கள். ஒருவர் மீதே பாரம் விழாமல் அண்ணன் ஒரு வாரம், மருமகன் ஒரு வாரம், பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு நாள் என்று பகிர்ந்துகொள்ளுங்கள். ஊரை விட்டு வந்த நமக்கு இந்த நகரத்தில் உறவு என்பது பக்கத்தில் இருப்பவர்தானே. உங்கள் கட்டிடத்தில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால் "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்பதோடு நிற்காமல், "செவ்வாய்க்கிழமை நான் கூட்டிப் போகிறேன்" என்று சொல்லுங்கள்.